வேலூர் வெயிலில் ஒரு ஃபிளாக்ஷிப் போன்: கடையில் ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி?

ஃபிளாக்ஷிப், அதாவது ஒரு நிறுவனத்தின் உச்ச வரிசைக் கைபேசி, லட்ச ரூபாயைத் தாண்டினாலும் நம்மில் பலர் அதைக் குளிரூட்டிய கடைக்குள், வெள்ளை விளக்கின் கீழ், சில நிமிடங்கள் தடவிப் பார்த்துவிட்டு வாங்கிவிடுகிறோம். அதன் பிறகு மூன்று நான்கு ஆண்டுகள் அதே கைபேசியைச் சத்துவாச்சாரி வெயிலிலும், காட்பாடி ரயில் நிலைய நடைமேடையிலும், மதியம் இரண்டு மணிக்குக் கொதிக்கும் மொட்டை மாடி அறையிலும்தான் பயன்படுத்தப் போகிறோம். கடைக்குள் எல்லா விலையுயர்ந்த போன்களும் ஏறக்குறைய ஒரே மாதிரி பளபளக்கும். அவற்றுக்கிடையேயான வேறுபாடு வாசற்படியைத் தாண்டிய பிறகுதான் தெரியத் தொடங்கும். எனவே இந்தக் கட்டுரையில் நான் பரிந்துரைக்கும் சோதனைகளில் பெரும்பாலானவை வெப்பத்தையும் வெளிச்சத்தையும் சார்ந்தவை.

எடுத்துக்காட்டாக 2025 செப்டம்பரில் வெளிவந்த ஐபோன் 17 புரோவையும், அதற்குப் போட்டியாகக் கடைக்காரர்கள் வழக்கமாக எடுத்து வைக்கும் சாம்சங் கேலக்ஸி எஸ்25 அல்ட்ரா, கூகுள் பிக்சல் 10 புரோ, ஒன்பிளஸ் 15 ஆகியவற்றையும் வைத்துக்கொள்வோம். அறிமுகமானபோது 256 ஜிபி சேமிப்பகம் கொண்ட வகைக்கு இவற்றின் விலை முறையே 1,34,900, 1,29,999, 1,09,999, 72,999 ரூபாய். உங்கள் பட்டியலில் வேறு மாடல்கள் இருந்தாலும் சோதனைகள் இவையே.

போகும் நேரமும் கொண்டு போக வேண்டியதும்

வேலை முடிந்து மாலை ஏழு மணிக்கு மேல் கடைக்குப் போவது நமது வழக்கம். இந்த ஒரு காரியத்துக்கு மட்டும் பகல் பதினொன்றுக்கும் மூன்றுக்கும் இடைப்பட்ட நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். வார நாளாக இருந்தால் கூட்டமும் குறைவாக இருக்கும், விற்பனைப் பையனும் பொறுமையாகப் பதில் சொல்வார். உங்கள் பழைய கைபேசியை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். நீங்கள் ஒப்பிட வேண்டிய முதல் போட்டியாளர் அதுதான். புதிய போனின் கேமரா பழையதைவிட எந்த வகையில் மேலானது என்பதை ஒரே காட்சியை இரண்டிலும் எடுத்துப் பார்க்காமல் சொல்ல முடியாது. பக்கத்தில் வைத்துப் பார்த்தபின், மாற்றத் தேவையில்லை என்று தோன்றினாலும் அது நல்ல முடிவே.

கடையில் மேசைமேல் வைத்திருக்கும் டெமோ பீஸ் பெரும்பாலும் திருட்டுப் போகாமல் இருக்க ஒரு சுருள் கம்பியில் கட்டப்பட்டிருக்கும். அந்தக் கம்பி போனைக் கீழ்நோக்கி இழுப்பதால், எடையும் சமநிலையும் கைக்குச் சரியாகத் தெரியாது. மேலும் அது எந்நேரமும் சார்ஜில் இருப்பதால் இளஞ்சூடாகவே இருக்கும். திரையின் வெளிச்சமும் பெரும்பாலும் உச்சத்தில் வைக்கப்பட்டிருக்கும். "தம்பி, இந்தக் கம்பியைக் கழட்டிட்டு ஒருதரம் கையில கொடுப்பா" என்று கேளுங்கள். லட்ச ரூபாய் வாடிக்கையாளர் கேட்டால் மறுக்கும் கடை குறைவு. மறுத்தால், அந்த மாடலை ஏற்கெனவே வைத்திருக்கும் உறவினரையோ நண்பரையோ தேடிப் பிடிப்பது நல்லது.

கையில் எடுத்தவுடன்

ஐபோன் 17 புரோ 206 கிராம், பிக்சல் 10 புரோ 207 கிராம், எஸ்25 அல்ட்ரா 218 கிராம். பத்துப் பன்னிரண்டு கிராம் வேறுபாட்டைக் கை பெரிதாக உணராது, அகலத்தைத்தான் உணரும். ஐபோனும் பிக்சலும் 72 மில்லிமீட்டரை ஒட்டியே நிற்க, அல்ட்ரா 77.6 மில்லிமீட்டர் வரை போகிறது. ஒரு கையில் பிடித்தபடி கட்டைவிரலால் திரையின் எதிர் மூலையைத் தொட முடிகிறதா என்று பாருங்கள். பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கீழே கிடக்கும் ஒரு பொருளை எடுப்பதுபோலக் குனிந்து பாருங்கள். பெரிய கேமராத் தொகுதி மேற்பகுதியில் இருப்பதால் இன்றைய போன்கள் தலைகனத்தவை. பையிலிருந்து நழுவி விழ அவற்றுக்கு ஒரு குனிவு போதும்.

டெமோ பீஸின் ஓரங்களையும் உற்றுப் பாருங்கள். ஐபோன் 17 புரோவில் டைட்டானியத்தை விட்டுவிட்டு அலுமினியத்துக்கு மாறியிருக்கிறார்கள். அதன் கேமரா மேடையின் கூர்மையான விளிம்புகளில் வண்ணப்பூச்சு எளிதில் உரிகிறது என்ற பேச்சு, விற்பனை தொடங்கிய சில நாட்களிலேயே எழுந்தது. பலர் கை பட்டுத் தேய்ந்த டெமோ பீஸ்தான் இதற்குச் சரியான சாட்சி. அடர்நிறப் போனில் கீறல் வெள்ளிக் கோடாகத் தெரியும், வெள்ளி நிறப் போனில் கண்ணுக்குப் படாது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கணக்கில் கொள்ளலாம்.

வாசலில், வெயிலில்

இனிதான் முக்கியமான பகுதி. விளம்பரங்களில் திரையின் உச்ச வெளிச்சத்தை நிட்ஸ் என்ற அலகில் சொல்கிறார்கள்: ஐபோன் 17 புரோவுக்கு 3000, பிக்சல் 10 புரோவுக்கு 3300, எஸ்25 அல்ட்ராவுக்கு 2600. இந்த எண்களை வரிசைப்படுத்தி வெற்றியாளரை அறிவித்துவிட முடியாது. உச்ச வெளிச்சம் கடும் வெயிலில் மட்டும், சில நேரங்களில் திரையின் ஒரு பகுதியில் மட்டும், அதுவும் போன் சூடேறாத வரையில்தான் கிடைக்கும். 2600 என்று எழுதப்பட்ட அல்ட்ரா வெயிலில் ஏமாற்றாமல் இருப்பதற்குக் காரணம் அதன் கண்ணாடி எதிரொளிப்பைக் குறைப்பதுதான். வானமும் எதிர்க்கட்டடமும் உங்கள் முகமும் திரையில் குறைவாகத் தெரிவதால், எழுத்து தெளிவாகத் தெரிகிறது. ஐபோன் 17 வரிசையின் கண்ணாடிக்கும் இத்தகைய பூச்சு கொடுத்திருக்கிறார்கள்.

சோதிக்கும் முறை எளியது. தானியங்கி வெளிச்ச அமைப்பை இயக்கிவிட்டு, இரண்டு போன்களிலும் ஒரே தமிழ்ச் செய்திப் பக்கத்தைத் திறந்து, ஆற்காடு சாலையிலோ ஆபீசர்ஸ் லைனிலோ கடை வாசலில் நேர் வெயிலில் பிடியுங்கள். முதல் அரை நிமிடத்தில் இரண்டுமே நன்றாகத்தான் தெரியும். அப்படியே ஐந்து நிமிடம் நின்றால், ஏதாவது ஒன்று சட்டென்று மங்குவதைக் காணலாம். போன் தன்னைக் காத்துக்கொள்ள வெளிச்சத்தைக் குறைக்கிறது என்பது அதன் பொருள். எது முதலில் மங்குகிறது, மங்கிய பின்னும் எதில் படிக்க முடிகிறது என்ற இரண்டையும் மனதில் குறித்துக்கொள்ளுங்கள். வெள்ளைப் பக்கத்தை அடுத்து, கறுப்புப் பின்னணி கொண்ட ஒரு படத்தையும் திறந்து பாருங்கள். எதிரொளிப்பு அதில்தான் அப்பட்டமாகத் தெரியும்.

போன் வாங்கியவுடன் "டெம்பர்டு கிளாஸ் ஒட்டிடலாங்களா" என்று கேட்காத கடை வேலூரில் இல்லை. எதிரொளிப்பைக் குறைக்கும் கண்ணாடிக்குக் கூடுதல் விலை கொடுத்துவிட்டு, அதன்மேல் முந்நூறு ரூபாய்க் கண்ணாடியை ஒட்டினால் அந்தப் பூச்சின் பயன் அங்கேயே போய்விடும். பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்தால், எதிரொளிப்பைக் குறைக்கும் தன்மையுள்ள கண்ணாடியாகக் கேட்டு வாங்க வேண்டும்.

வெப்பத்தின் கணக்கு

ஆப்பிள், சாம்சங், கூகுள் ஆகிய மூன்று நிறுவனங்களும் தங்கள் கைபேசிகளைச் சுற்றுப்புற வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும் இடத்தில் பயன்படுத்துமாறு சொல்கின்றன. நமது ஊரிலோ அக்னி நட்சத்திர நாட்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுவது செய்தியே அல்ல. மரமில்லாத மலை என்று வேலூரைப் பற்றிப் பழமொழியாகவே சொல்வார்கள். அந்தப் பாறை மலைகள் பகலில் வாங்கிய சூட்டை இரவிலும் வெளியே விடுகின்றன. ஆகவே ஆண்டில் சில மாதங்கள், எந்த நிறுவனத்தின் போனாக இருந்தாலும், அதைத் தயாரித்தவர்கள் வகுத்த எல்லைக்கு வெளியேதான் நாம் பயன்படுத்துகிறோம். அந்த எல்லையைத் தாண்டும்போது திரை மங்கும், சார்ஜ் ஏறுவது நின்றுபோகும், கேமரா ஃபிளாஷ் இயங்க மறுக்கும், சிப்பின் வேகம் குறையும்.

இதைச் சோதிக்க, நிழலான வெளியிடத்தில் நின்று 4கே தரத்தில், நொடிக்கு 60 ஃபிரேம் அளவில், பத்து நிமிடம் இடைவிடாமல் வீடியோ எடுங்கள். முடிந்ததும் கேமராவுக்குப் பக்கத்தில் விரலை வைத்துப் பாருங்கள். தொட்டால் சூடாக இருக்கும் போன் மோசமானது என்று உடனே முடிவு கட்ட வேண்டியதில்லை. ஐபோன் 17 புரோவில் சிப்பின் சூட்டை நீராவி அறை ஒன்று வாங்கி அலுமினிய உடல் முழுவதும் பரப்புகிறது. அடைத்த அறைக்குள் சிறிதளவு தண்ணீர் ஆவியாகி, வேறிடத்தில் குளிர்ந்து, மீண்டும் திரும்பும் அமைப்பு அது. அலுமினியம் டைட்டானியத்தைவிட வெப்பத்தைப் பன்மடங்கு எளிதாகக் கடத்தும். எனவே சூடு உங்கள் உள்ளங்கைக்கு வருகிறது என்றால், உள்ளேயிருந்து வெளியேறுகிறது என்றே பொருள். வெளியே குளிர்ந்திருந்தும் வீடியோ தடுமாறினாலோ, திரை மங்கினாலோ, எச்சரிக்கை தோன்றினாலோதான் கவலைப்பட வேண்டும். இந்தச் சோதனைக்குக் கடைக்காரர் முகம் சுளித்தால் ஐந்து நிமிடத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அதிலேயே ஓரளவு தெரிந்துவிடும்.

பின்னுறை சூட்டை உள்ளேயே அடைத்துவிடும் என்பதையும் சேர்த்தே சிந்திக்க வேண்டும். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்தில் தைக்கப்படும் தோல் உறைகள் கைக்கு அவ்வளவு இதமானவை. ஆனால் மே மாதத்தில் சார்ஜ் போடும்போதாவது உறையைக் கழற்றிவிடுங்கள். வெயிலில் அலைந்துவிட்டு வந்தவுடனே சார்ஜில் செருகாமல், கால் மணி நேரம் மின்விசிறிக்குக் கீழே வைத்த பிறகு செருகினால் பேட்டரிக்கு நல்லது. லித்தியம் பேட்டரியின் ஆயுளைக் குறைப்பதில் சூட்டுக்கு இணையான எதிரி வேறில்லை. ஒன்பிளஸ் 15-இன் 7300 எம்ஏஎச் பேட்டரி, அல்ட்ராவின் 5000 எம்ஏஎச் பேட்டரியைவிட ஒரு நாள் முழுவதையும் எளிதாகத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் அதன் 120 வாட் சார்ஜ் வேகமெல்லாம் போன் குளிர்ந்திருக்கும்போது மட்டுமே முழுமையாகக் கிடைக்கும். ஆப்பிள், சாம்சங், கூகுள் ஆகியவற்றின் பெட்டிகளில் சார்ஜரே இருக்காது என்பதால், அதற்கான செலவையும் விலையோடு கூட்டிக்கொள்ளுங்கள்.

இருசக்கர வாகனத்தின் கைப்பிடியில் கைபேசியை மாட்டிக்கொண்டு வழி பார்த்தபடி ஓட்டுபவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அதிகத் திறன் கொண்ட பைக் எஞ்சினின் அதிர்வு கேமராவின் அசைவுத் தடுப்பு அமைப்பைக் கெடுக்கக்கூடும் என்று ஆப்பிளே 2021-இல் எச்சரித்திருக்கிறது. அதே அமைப்பு பிற நிறுவனங்களின் ஃபிளாக்ஷிப் போன்களிலும் உண்டு. வெயிலும் அதிர்வும் ஒருசேரத் தாக்கும் அந்த இடத்தில் விலை குறைந்த பழைய போனை மாட்டிக்கொள்வதே சரி.

கேமராவை எதில் சோதிப்பது?

கடைக்குள் இருக்கும் பூச்சாடியையும் விற்பனைப் பையனின் முகத்தையும் எடுத்துப் பார்ப்பதால் எதுவும் தெரியாது. நண்பரின் போனை இரவல் வாங்க முடிந்தால், கோட்டை அகழிக் கரைக்குப் போங்கள். நண்பகலில் அகழி நீரின் பளபளப்பு, சாம்பல் நிறக் கருங்கல் மதில், அதற்கு மேல் வெளுத்த வானம் என மூன்று அடுக்கு வெளிச்சம் ஒரே சட்டகத்தில் கிடைக்கும். மதிலின் கல்லடுக்குகளுக்கு இடையிலான இருண்ட கோடுகள் தெரிய வேண்டும். அதே படத்தில் வானம் வெறும் வெள்ளைத் தாளாகிவிடவும் கூடாது. நிழல்களை எல்லாம் வெளிச்சமாக்கி, கல்லை அட்டைபோலக் காட்டும் போனும் உண்டு. திரையில் அழகாக இருப்பதை நம்பாமல், படத்தைப் பெரிதாக்கிக் கல்லின் சொரசொரப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஜூம் சோதனைக்குப் பேருந்து நிலையத்தைவிடச் சிறந்த இடம் எனக்குத் தெரியவில்லை. தொலைவில் நிற்கும் பேருந்தின் ஊர்ப் பலகையைக் குறிவையுங்கள். 'குடியாத்தம்', 'ஒடுகத்தூர்', 'கணியம்பாடி' போன்ற பெயர்களில் உள்ள சுழிகளும் புள்ளிகளும்தான் லென்ஸின் உண்மையான தேர்வுத்தாள். ஐபோன் 17 புரோவில் 4 மடங்கு ஆப்டிகல் ஜூம் (லென்ஸே பெரிதாக்கிக் காட்டுவது), எஸ்25 அல்ட்ராவிலும் பிக்சல் 10 புரோவிலும் 5 மடங்கு. அந்த அளவு வரை எல்லாமே நேர்மையாக இருக்கும். அதற்கு மேல் போகப் போக ஏஐயின் கைவண்ணம் தொடங்குகிறது. பிக்சல் 10 புரோவின் 100 மடங்கு ஜூம், விடுபட்ட நுணுக்கங்களைத் தானாக வரைந்து நிரப்பும் ஏஐ மாதிரியைக் கொண்டு இயங்குகிறது. கட்டடமோ மலையோ என்றால் வியப்பாக இருக்கும். தமிழ் எழுத்து என்றால் 'ண' எத்தனை சுழியோடு வந்திருக்கிறது, புள்ளி அதன் இடத்தில் இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்துவிட்டு நம்புங்கள். எழுத்துபோலவே தோன்றும், எந்த மொழியிலும் இல்லாத வடிவம் வரக்கூடும்.

அதே இடத்தில், எல்இடி ஊர்ப் பலகை உள்ள பேருந்து ஒன்றையும் படமெடுங்கள். கண்ணுக்கு முழுதாகத் தெரியும் பெயர், படத்தில் பாதி எழுத்துகளை இழந்து நிற்கும். ஏனெனில் அந்த விளக்குகள் நொடிக்குப் பலமுறை அணைந்து எரிகின்றன, பகலில் ஷட்டரோ அதைவிட வேகமாக மூடிவிடுகிறது. இதை எந்தப் போனும் முழுமையாகச் சரிசெய்துவிடாது. வீடியோவில் யார் குறைவாகச் சிமிட்டுகிறார்கள் என்று ஒப்பிடலாம்.

முகங்களைப் பொறுத்தவரை, கறுப்பையும் மாநிறத்தையும் வெளுப்பாக்கிக் காட்டும் பழக்கம் சில போன்களுக்கு இன்னும் போகவில்லை. உங்கள் வீட்டில் வெவ்வேறு நிறமுடைய இருவரை மரநிழலில் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்து எடுங்கள். இருவரும் ஒரே நிறமாகிவிட்டால் அந்தப் போன் உங்கள் குடும்பத்தைப் படமெடுக்கவில்லை. செல்ஃபி கேமராவில் அழகூட்டும் வசதி தொடக்கத்திலேயே இயங்கிக்கொண்டிருக்கலாம்; அதை அணைத்த பிறகே ஒப்பிடுங்கள். ஸ்ரீபுரம் பொற்கோயிலை எடுத்துப் பார்க்கலாம் என்று புறப்பட வேண்டாம். அங்கே கைபேசியை உள்ளே அனுமதிப்பதில்லை.

தமிழ்

நான்கு போன்களிலும் தமிழ் விசைப்பலகை உண்டு. ஐபோனில் ஆங்கில எழுத்துகளைத் தட்டித் தமிழில் எழுதும் வசதியும் உண்டு. கூகுளின் ஜிபோர்டை நான்கிலும் நிறுவிக்கொள்ளலாம் என்பதால் தட்டச்சில் பெரிய வேறுபாடு இராது. குரல்வழி எழுதுவதில்தான் வேறுபாடு தெரியும். "குடியாத்தம் கெங்கையம்மன் திருவிழாவுக்கு அத்தை பள்ளிகொண்டாவிலிருந்து வருகிறார்" என்று இயல்பான வேகத்தில் சொல்லிப் பாருங்கள். ஊர்ப் பெயர்களை எது சரியாக எழுதுகிறதோ அதற்கு மதிப்பெண் கொடுங்கள். ஏஐ வசதிகளை முன்னிறுத்தி விற்கிறார்கள் என்றால், அவை தமிழில் இயங்குகின்றனவா என்று அங்கேயே கேளுங்கள். கூகுளின் ஜெமினி தமிழில் பேசும், எழுதும். ஐபோன் 17 வரிசை வெளிவந்தபோது அதன் ஏஐ தொகுப்பான ஆப்பிள் இன்டெலிஜென்ஸின் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை.

சிப்பைப் பற்றி நீண்ட நேரம் பேச வேண்டியதில்லை. ஐபோனின் ஏ19 புரோவும், சாம்சங், ஒன்பிளஸ் போன்களின் ஸ்னாப்டிராகன் எலைட் வகைகளும் நமது அன்றாடத் தேவைக்கு மிகுதியானவை. பிக்சலின் டென்சர் ஜி5 கனமான விளையாட்டுகளில் பின்தங்கும், மற்றபடி குறையில்லை. அதைவிட மென்பொருள் புதுப்பிப்பு எத்தனை ஆண்டுகளுக்கு வரும் என்பது முக்கியம். எஸ்25 அல்ட்ராவுக்கும் பிக்சல் 10 புரோவுக்கும் 7 ஆண்டுகள் என்று அறிவித்திருக்கிறார்கள். ஒன்பிளஸ் 15-க்கு ஆண்ட்ராய்டு பதிப்புகள் 4 ஆண்டுகளும் பாதுகாப்புப் புதுப்பிப்புகள் 6 ஆண்டுகளும் மட்டுமே. ஆப்பிளைப் பொறுத்தவரை, 2018-இல் வந்த ஐபோன் எக்ஸ்எஸ் 2025-இல்தான் புதிய ஐஓஎஸ் பதிப்பை இழந்தது என்பதை அளவுகோலாகக் கொள்ளலாம்.

பணம் கொடுக்கும் முன்

ஐபோன்களில் ஒரு பகுதி, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை ஒட்டிய ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் பூட்டப்படுகிறது. பக்கத்து ஊரில் செய்தது என்பதற்காக நமக்கு விலை குறைவதில்லை. 18 சதவீத ஜிஎஸ்டியோடு நாடு முழுவதும் ஒரே விலைதான். ஆண்ட்ராய்டு ஃபிளாக்ஷிப் போன்களின் விலை சில மாதங்களிலேயே கணிசமாக இறங்கும், ஐபோன் மெதுவாக இறங்கும். எனவே அவசரமில்லாதவர்கள் ஆயுத பூஜை, தீபாவளி விற்பனைவரை காத்திருக்கலாம். வட்டியில்லாத் தவணை என்று சொன்னால், செயலாக்கக் கட்டணம் எவ்வளவு, வட்டிப் பகுதிக்கு ஜிஎஸ்டி எவ்வளவு, அதே போனை முழுப் பணமாகக் கொடுத்தால் எவ்வளவு தள்ளுபடி என்ற மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அங்கீகரிக்கப்பட்ட சேவை மையம் வேலூரிலேயே இருக்கிறதா, சென்னைக்கு அனுப்ப வேண்டுமா, திரை உடைந்தால் மாற்ற என்ன செலவு என்பனவற்றையும் பணம் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். கடைக்காரரின் பதிலில் தயக்கம் இருந்தால் நிறுவனத்தின் இணையதளத்தில் அங்கேயே நின்று பாருங்கள்.

பெட்டியை உங்கள் கண்ணெதிரிலேயே திறக்கச் சொல்லுங்கள். *#06# என்று அழுத்தினால் தோன்றும் ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி அடையாள எண்), பெட்டியின்மேல் அச்சிட்ட எண்ணும், ரசீதில் எழுதிய எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்திலும் அதைச் சரிபார்க்கலாம். பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள், புதியதில் வாட்ஸ்அப் உரையாடல்களும் வங்கிச் செயலிகளும் சரியாக வந்துவிட்டனவா என்று பார்க்கும் வரை பழையதைக் கையைவிட்டுக் கொடுக்க வேண்டாம். அவை வந்த பிறகு பழையதில் கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறி, சிம்மை எடுத்து, எல்லாவற்றையும் அழித்து, தொடக்கத் திரை தோன்றுவதைக் கண்ணால் பார்த்துவிட்டுக் கொடுங்கள்.